வடகிழக்கு எல்லையில் விமானப் போக்குவரத்து

இந்திய தேசப்படம் கையிலிருந்தால் நேயர்கள் அதனை விரித்து, சிலிகுரி என்னும் ஊரைச் சற்று உற்று நோக்க வேண்டுகிறேன். ஒருபுறம் நேபாளம், மறுபுறம் வங்கதேசம். இவ்விரண்டுக்கும் நடுவே இந்திய மண் ஓரிடத்தில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அகலமே உடையதாய்ச் சுருங்கிவிடுகிறது. அந்த ஒற்றையடிப் பாதைக்கு அப்பால்தான் அஸ்ஸாமும் அதனைச் சூழ்ந்த மலை நாடுகளும் இருக்கின்றன. நாட்டின் பிற பகுதிகளில் விமானம் என்பது நேரத்தை மிச்சப்படுத்தும் வாகனம். வசதியுள்ளோர்க்கு உரியது என்ற எண்ணம் இன்றும் முற்றிலும் மறையவில்லை. வடகிழக்கிலோ பல ஆண்டுகள் அது அரிசியும் உப்பும் கொண்டுசென்ற வண்டியாக இருந்தது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டாலன்றி அப்பகுதியின் விமான வரலாறு விளங்காது.

திரிபுராவின் தலைநகரான அகர்தலாவை எடுத்துக்கொள்வோம். தேசப் பிரிவினைக்கு முன்னர் கல்கத்தாவிலிருந்து கிழக்கு வங்காளத்தின் வழியாக அகௌரா என்னும் ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து அகர்தலா கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், சில மைல்கள்தான். 1947-இல் அகௌரா அயல்நாட்டுக்குரியதாகிவிட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. வழி மட்டும் மறைந்துபோயிற்று. தரைவழியே அஸ்ஸாமைச் சுற்றிக்கொண்டு செல்வதாயின் 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வான்வழியே நேராகப் பறந்தால் ஏறத்தாழ 325 கிலோமீட்டர். இந்தக் கணக்கே அகர்தலா விமான நிலையத்தின் வரலாறு முழுவதையும் சொல்லிவிடுகிறது. 1942-இல் மகாராஜா பீர் விக்ரம் கிஷோர் மாணிக்கியர் அமைக்கச் செய்த விமானத்தளம் அது. போர்க் காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்குப் பயன்பட்டது. போர் முடிந்தபின் ஒரு சமஸ்தானத்தின் மக்களுக்கே தலைவாயிலாயிற்று. அகர்தலாவுக்கு ரயில் வந்து சேர்ந்ததோ 2008-ஆம் ஆண்டில். அறுபது ஆண்டுகள் விமானம் ஏறியே வெளியுலகு கண்ட நகரங்கள் இந்தியாவில் வேறு பல இல்லை.

நம் நாட்டு விமானப் போக்குவரத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுவோர் 1932 அக்டோபர் 15-ஆம் நாளைக் குறிப்பிடுவர். அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அவ்வஞ்சலை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். வணிகமும் அஞ்சலும் விமானத்தைத் தென்னாட்டுக்கு அழைத்து வந்தன. வடகிழக்குக்கு அதனைப் பெருமளவில் அழைத்து வந்தது போர்.

1942-இன் முற்பகுதியில் ஜப்பானியப் படை பர்மாவில் வடக்கு நோக்கி விரைந்தது. ரங்கூனிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த இந்தியர் இலட்சக்கணக்கில் ஊர் துறந்தனர். அவருள் நம் தமிழர் எத்துணையர் என்பதை நேயர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நம்மிற் பலர் வீடுகளில் அக்கதை இன்னும் சொல்லப்படுகிறது. பெரும்பாலோர் கால்நடையாகவே தாமு, இம்பால் வழியாகவும், வடக்கே பாங்சாவ் கணவாய் வழியாகவும் அஸ்ஸாமை அடைந்தனர். அடையாமலே வழியில் மாண்டோரும் பலர். வடபர்மாவின் மிட்கினாவிலிருந்து அஸ்ஸாமின் தின்ஜான் விமானத்தளத்துக்குச் சில விமானங்கள் அகதிகளை ஏற்றி வந்தன. மே மாதத் தொடக்கத்தில் மிட்கினாவும் வீழ்ந்தபோது அவ்வழியும் அடைபட்டது. வடகிழக்கு வானத்தில் எளிய மனிதர் விமானத்தை நம்பி நின்ற முதற் காட்சி இதுவே எனலாம். அவ்விமானங்களில் இடம் கிடைத்தோர் மிகச் சிலர். நடந்தோர் மிகப் பலர்.

பர்மா சாலை துண்டிக்கப்பட்டதால் சீனாவுக்கு ஆயுதமும் பெட்ரோலும் அனுப்ப வேறு வழியில்லாது போயிற்று. அமெரிக்க விமானப் படையினர் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சபுவா, மோகன்பாரி, சூக்கராட்டிங், தின்ஜான், ஜோர்ஹாட் முதலிய இடங்களில் தளங்கள் அமைத்துக்கொண்டு, பட்காய் மலைத்தொடரையும் அதற்கப்பாலுள்ள உயர்ந்த மலைகளையும் கடந்து, சீனாவின் குன்மிங் நகருக்குப் பறக்கலாயினர். இப்பாதைக்கு அவ்விமானிகள் 'ஹம்ப்' என்று பெயரிட்டனர். ஒட்டகத்தின் திமில் என்பது அதன் பொருள். ஓடுதளங்களுக்கு வேண்டிய கல்லை உடைத்தோரும், மண் சுமந்தோரும் தோட்டத் தொழிலாளரும் சுற்றுப்புறக் கிராமத்து ஆண் பெண்களுமே. அக்காலப் புகைப்படங்களில், நான்கு எஞ்சின் விமானத்துக்கு அருகே கூடை சுமந்து வரிசையாய்ச் செல்லும் பெண்களைக் காணலாம். வெற்றிக் கதைகளில் அவர்கள் பெயர் இல்லை.

ஹம்ப் பாதையின் கடுமையைச் சொல்லி முடியாது. மலை முகடுகளில் மணிக்கு 100 மைலுக்கு மேல் வீசும் காற்று. இறக்கைகளின்மேல் உறையும் பனி. வழிகாட்டும் கருவிகளோ சொற்பம். 1942 ஏப்ரல் முதல் 1945 நவம்பர் வரை ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கு இவ்வழியே சென்றது. போரின் இறுதியில், ஒரே நாளில் 1,100-க்கு மேற்பட்ட தடவைகள் விமானங்கள் சென்று மீண்டன. இதற்கு ஈடாக ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்தன; இறந்தோரும் காணாமற் போனோரும் 1,600-க்கு மேல். வானம் தெளிந்திருக்கும் நாளில், கீழே சிதறிக் கிடக்கும் விமானத் தகடுகளின் மினுமினுப்பைக் கொண்டே வழி கண்டுகொள்ளலாம் என்று விமானிகள் கசப்புடன் சொல்லிக்கொண்டனராம். அருணாசலப் பிரதேசத்தின் காடுகளில் அச்சிதைவுகள் இன்றும் அகப்படுகின்றன. அவற்றுட் சில, 2023 நவம்பரில் பாசிகாட் நகரில் திறக்கப்பட்ட காட்சிச்சாலையில் வைக்கப்பட்டிருக்கின்றன.

இம்பால் முற்றுகையையும் இவ்விடத்திற் சொல்லியாக வேண்டும். 1944 மார்ச்சு மாதத்தில் ஐந்தாவது இந்திய டிவிஷன் அரக்கான் போர்முனையிலிருந்து பீரங்கிகளோடும் கோவேறு கழுதைகளோடும் வான்வழியே மணிப்பூருக்கு இடம் மாற்றப்பட்டது. பின்னர் ஜூன் 22-ஆம் நாள் கோஹிமா சாலை திறக்கும் வரையில் இம்பால் சமவெளியிலிருந்த சேனை முழுவதும் விமானத்தால் உணவூட்டப்பெற்றது. ஒரு பிரதேசத்தையே ஆகாயத்திலிருந்து உயிரோடு வைத்திருக்க முடியும் என்ற பாடத்தை ராணுவம் அங்கே கற்றது. அப்பாடத்தைச் சுதந்திர இந்தியா விரைவிலேயே பயன்படுத்த நேர்ந்தது.

பிரிவினையால் அஸ்ஸாமின் ரயில் தொடர்பு அறுந்தது. சிலிகுரி வழியாகப் புதிய இருப்புப்பாதையை அவசரமாக அமைத்து 1950 ஜனவரியில் திறந்தனர். அவ்விடைக்காலத்தில் கல்கத்தாவிலிருந்த தனியார் விமானக் கம்பெனிகளுக்கு நல்ல வேட்டை. போர் முடிந்தபின் மலிவாக விலைக்கு வந்த டகோட்டா விமானங்களை வாங்கி, பாரத் ஏர்வேஸ், ஏர்வேஸ் இந்தியா, பிஜு பட்நாயக் நிறுவிய கலிங்கா முதலிய கம்பெனிகள் தொழில் நடத்தின. 1949 ஜனவரி 30 முதல் இரவு அஞ்சல் விமானங்கள் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்டு நாகபுரியில் நள்ளிரவிற் கூடிப் பைகளை மாற்றிக்கொண்டு திரும்பலாயின. சென்னைக் கடிதம் மறுநாள் காலையிற் கல்கத்தாவை எட்டிற்று. கிழக்கே தொலைவில் வேலை பார்த்த தமிழருக்கு ஊர்ச் செய்தி விரைவில் வந்தது அந்த நாகபுரிச் சந்திப்பினால். 1953 ஆகஸ்டு 1-ஆம் நாள் எட்டுத் தனியார் கம்பெனிகளும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, புதிய இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷனுக்குக் கிடைத்த விமானங்களில் 74 டகோட்டாக்களே.

இனி மலைநாட்டைப் பார்ப்போம். அன்று வடகிழக்கு எல்லைப்புற ஏஜென்சி எனப்பட்ட பகுதிதான் இன்றைய அருணாசலப் பிரதேசம். அங்கே எல்லைக் காவல் நிலையங்களும் நிர்வாக அலுவலகங்களும் சாலை முனையிலிருந்து பல நாள் நடைதூரத்தில் இருந்தன. அங்கு ஏன் விமானம் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு சிறு கணக்கே போதும். ஒரு கூலியாள் 25 கிலோ அரிசி சுமக்கிறான் என்று கொள்வோம். நாளொன்றுக்கு அவனுக்கு ஒரு கிலோ வேண்டும். சேரவேண்டிய இடம் 12 நாள் வழியானால், போகவும் வரவும் அவனே 24 கிலோவை உண்டுவிடுவான். போய்ச் சேர்வது ஒரு கிலோ! இக்கணக்கை எத்தனை ஆயிரம் சுமைகாரரைக் கொண்டு பெருக்கினாலும் விடை மாறாது.

ஆகவே மூட்டைகளை வானிலிருந்து போடலாயினர். அரிசி, மாவு போன்றவை பாராசூட் இல்லாமலே வீழ்த்தப்பட்டன. உள்ளே ஒரு கோணி, அதனைச் சூழத் தளர்ச்சியாக மற்றொரு கோணி. உள்ளது வெடித்தாலும் வெளியிலுள்ளது தாங்கிக்கொள்ளும். உடையக்கூடியவற்றுக்குப் பாராசூட். கீழே வெள்ளைத் துணியால் அடையாளம் விரித்திருப்பார்கள். விமானி குறுகிய பள்ளத்தாக்கினுள் நுழைந்து, தாழப் பறந்து, மணியடித்த மாத்திரத்திற் கதவோரத்தில் நிற்பவர்கள் மூட்டைகளைக் காலால் உந்தித் தள்ள, அடுத்த மலைச்சுவர் வருவதற்குள் மேலேறிவிட வேண்டும். பின்னர் மறுபடியும் சுற்றி வந்து மறுபடியும் தள்ள வேண்டும். ஒரு டகோட்டா சுமந்து வரும் இரண்டரை டன்னைக் கொட்டி முடிக்க இப்படிப் பல சுற்றுகள். மேகம் இறங்கிவிட்டால் அன்று ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லாதிருக்கலாம். விமானப் படையோடு கலிங்கா போன்ற தனியாரும் இப்பணியை ஒப்பந்தத்தில் ஏற்றுச் செய்தனர்.

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல ஆசை. மலைப்பகுதியிலுள்ள சிறு ஓடுதளங்களை 'அட்வான்ஸ்டு லாண்டிங் கிரவுண்டு' என்று குறிப்பர். 'முன்னணி இறங்குதளம்' என்று தமிழாக்கலாம், பிழையில்லை. ஆனால் 'முன்னணி' என்ற சொல் ராணுவத்தின் கண்கொண்டு பார்த்த சொல். அங்கேயே பிறந்து வாழும் மெம்பா, மிஷ்மி, ஆதி மக்களுக்கு அது முன்னணியுமன்று, எல்லையுமன்று, அவர்கள் ஊர். அத்தளத்தில் யாருக்காக விமானம் இறங்குகிறது என்ற கேள்வி அப்பெயரிலேயே ஒளிந்திருக்கிறது.

1950 ஆகஸ்டு 15-ஆம் நாள் நேர்ந்த பெரும் பூகம்பம் 8.6 அளவுடையது. மலைகள் சரிந்தன, ஆறுகள் தடம் மாறின. துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு உணவு வானிலிருந்தே வந்தது. 1962-இல் சீனப் போரின்போது வாலாங் போன்ற முனைகளுக்குப் படையும் தளவாடமும் சிறு விமானங்களில் சென்றன. போதிய சாலையின்றிப் போரிட்டதன் துன்பத்தை அக்குளிர்காலம் காட்டிற்று. 1965-இல் பாகிஸ்தானோடு போர் மூண்டபோது கிழக்குப் பாகிஸ்தானின் வான்வெளி நம் விமானங்களுக்கு அடைபட்டது. 1971-இல் நாகாலாந்தின் திமாப்பூர்த் தளத்தில் ஒரு டகோட்டா, ஓர் ஆட்டர், ஒரு ஹெலிகாப்டர் ஆகியவற்றைக் கொண்டு வங்கதேசத்தின் விமானப் படை தோன்றியது.

சொல்ல விருப்பமில்லாத செய்தியையும் வரலாறு எழுதுவோன் விடலாகாது. 1966 மார்ச்சு 5-ஆம் நாள், மிஜோ கிளர்ச்சியின்போது, இந்திய விமானப் படை விமானங்கள் அயிசால் நகரின்மீது தாக்குதல் நடத்தின. நகரின் பெரும்பகுதி எரிந்தது. மக்கள் காடுகளுக்கு ஓடினர். சொந்த நாட்டு ஊரின்மீது நிகழ்ந்த இத்தாக்குதலை மிஜோ மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர். அரிசி கொண்டுவந்த அதே வானத்திலிருந்து நெருப்பும் வந்தது. அந்த மிஜோரம் மாநிலந்தான் பின்னர், லெங்புயி என்னுமிடத்தில் மாநில அரசின் முயற்சியாலேயே விமான நிலையம் ஒன்றைக் கட்டி 1998 டிசம்பரில் திறந்தது. மலை முகட்டை மட்டமாக்கி அமைத்த 2,500 மீட்டர் ஓடுதளம். இரு முனைகளிலும் பள்ளம். அதற்கு முன்னர் துயிரியல் என்னும் சிறிய தளத்தையே நம்பியிருந்தனர். அயிசாலுக்கு அருகிலுள்ள சாய்ராங் வரை ரயில் வந்தது 2025 செப்டம்பரில்தான்.

மக்களின் பயணத்துக்கென்றே தொடங்கப்பட்ட முயற்சி வாயுதூத். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் கூட்டாக நிறுவிய அக்கம்பெனி 1981 ஜனவரி 26-இல் வடகிழக்கிற் பறக்கத் தொடங்கியது. போக்கர், ஆவ்ரோ, பின்னர்க் கான்பூரிற் செய்த டார்னியர் ஆகிய விமானங்கள் சிற்றூர்களை இணைத்தன. நோக்கம் நல்லது. ஆனால் வடகிழக்குக்கென்று பிறந்த பிள்ளையை நாடு முழுவதும் அனுப்பினார்கள். நெய்வேலி, தஞ்சாவூர் வரையிலும் வாயுதூத் வந்தது. இலாபமில்லாத வழிகள் பெருகின; நட்டமும் பெருகிற்று. 1988 அக்டோபர் 19-ஆம் நாள் சில்சாரிலிருந்து வந்த விமானம் குவாஹாட்டி அருகே வீழ்ந்து 34 பேர் மாண்டனர். 1993-இல் கம்பெனி இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்க்கப்பட்டது. மறுபடியும் சிற்றூர்த் தளங்களிற் புல் முளைத்தது. மேற்கு அஸ்ஸாமின் ரூப்சி விமான நிலையம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பயணிகளைக் காணாமலிருந்து 2021 மே மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டது.

அம்மலைகள் உயிரைக் கேட்பதை ஒருபோதும் நிறுத்தவில்லை. 1991 ஆகஸ்டு 16-இல் கல்கத்தாவிலிருந்து இம்பால் சென்ற போயிங் விமானம் தாங்ஜிங் மலையில் மோதி 69 பேர் மாண்டனர். 2011 ஏப்ரலில், பதினொரு நாள் இடைவெளியில் தவாங் வழியில் இரண்டு ஹெலிகாப்டர்கள் அழிந்தன. இரண்டாவதில் அருணாசல முதலமைச்சர் தோர்ஜி காண்டு உயிரிழந்தார். 2019 ஜூன் 3-ஆம் நாள் ஜோர்ஹாட்டிலிருந்து மேசுகாவுக்குப் புறப்பட்ட ஆன்டனோவ் விமானம் 13 பேருடன் மறைந்தது. செயற்கைக்கோளும் ரேடாரும் உள்ள இக்காலத்திலும் அதன் சிதைவைக் கண்டுபிடிக்க எட்டு நாட்கள் ஆயின. ஹம்ப் விமானிகள் அஞ்சிய அதே மலைகள் அவை.

இன்றைய நிலை என்ன? 2016-இல் ஜீரோ, ஆலோ, மேசுகா, பாசிகாட், தூட்டிங் ஆகிய மலைத்தளங்கள் புதுப்பித்துத் திறக்கப்பட்டன. அவ்வாண்டே அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின்கீழ், இலாபம் தராத வழிகளில் நேரும் இழப்பை அரசாங்கம் ஈடு செய்கிறது. பாசிகாட்டுக்கு 2018 மே மாதத்தில் பயணி விமானம் வந்தது. 2022 ஏப்ரல் 12-இல் இந்தியாவிற் செய்த டார்னியர் திப்ரூகாரிலிருந்து அங்கே பறந்தது. இட்டாநகருக்கு அருகே டோன்யி போலோ விமான நிலையம் 2022 நவம்பர் 19-இல் திறந்தது. அதுவரை ஒரு மாநிலத் தலைநகரம் அயல் மாநிலத்து லீலாபாரியிலோ குவாஹாட்டியிலோ இறங்கித்தான் அடையப்பட்டது என்பதை நினைக்க வியப்பாயிருக்கிறது. வடகிழக்கில் 2014-இல் 9-ஆக இருந்த இயங்கும் விமான நிலையங்கள் 17-ஆக உயர்ந்தன என்பது அரசாங்கக் கணக்கு. மெச்சத்தக்கதே. ஆனால் நிலையங்களை எண்ணுவது வேறு, விமானங்களை எண்ணுவது வேறு. சிக்கிமின் பாக்யோங் நிலையம் 2018-இல் மிகுந்த சிறப்போடு திறக்கப்பட்டது. மூடுபனியாலும் ஓடுதளத்தின் இயல்பாலும் மறு ஆண்டிலேயே சேவை நின்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் வெறிச்சோடிக் கிடந்தது. மானியக் காலம் முடிந்தவுடன் நின்றுபோகும் வழிகளும் உண்டு. வாயுதூத்தின் கதையை அறிந்தவர்க்கு இது புதிதன்று.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். டில்லியிலிருந்து பம்பாய்க்குச் செல்வோன் விமானக் கட்டணம் ஏறினால் ரயிலில் ஏறுவான். 2023 மே மாதத்தில் மணிப்பூரில் கலவரம் மூண்டபோது இம்பாலை விட்டு வெளியேற நினைத்தவனுக்கு ரயில் இல்லை. சாலையும் பாதுகாப்பாக இல்லை. அந்நாட்களிற் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது. அதைவிடக் கொடியது, குக்கி மக்கள் சமவெளியிலுள்ள அவ்விமான நிலையத்துக்கே வர இயலாமற் போனது. அவர்கள் நெடுந்தொலைவு சாலை வழியே மிஜோரத்தின் லெங்புயிக்குச் சென்று விமானம் ஏற வேண்டியவராயினர். அகர்தலாவுக்கு 1947-இல் நேர்ந்தது ஒரு நாட்டெல்லையால். இது ஒரு மாநிலத்தினுள்ளேயே விழுந்த எல்லையால்.

2022 மே மாதத்தில் திமா ஹசாவ் மலைகளிற் பெருமழையால் இருப்புப்பாதை சரிந்தது. பராக் பள்ளத்தாக்கும் திரிபுராவும் மிஜோரமும் தரைவழித் தொடர்பை இழந்தன. திதோக்சரா என்னுமிடத்தில் நின்றுபோன சில்சார் ரயிலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளை விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மீட்டன. அஸ்ஸாம் அரசு ஒரு தனியார் விமானக் கம்பெனியோடு பேசி, சில்சார்–குவாஹாட்டி வழிக்கு 3,000 ரூபாய் என்று கட்டணத்தை வரையறுத்து, மிகுதியைத் தானே ஏற்றது. இடர் வந்தபோது செய்ய முடிந்ததை இயல்பான நாளிலும் ஏன் செய்யலாகாது என்று சில்சார் மக்கள் கேட்டால் அதற்கு விடை சொல்வது எளிதன்று.

அருணாசலத்தின் தென்கிழக்கு மூலையில், மூன்று புறமும் பர்மா சூழ, விஜயநகர் என்றோர் ஊர் இருக்கிறது. 1960-களில் அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையின் ஓய்வுபெற்ற வீரர்களை அங்கே குடியமர்த்தினார்கள். அவர்களுக்கு முன்பே லீசு மக்கள் அங்கு வாழ்ந்து வந்தனர். மியாவ் நகரிலிருந்து 157 கிலோமீட்டர், நம்தாபா காட்டின் ஊடே. நடந்தால் பல நாட்கள். மழைக்காலத்தில் நடையும் அரிது. அங்குள்ள ஓடுதளம் பழுதாகி, மறுபடியும் செப்பனிடப்பட்டு, 2019 செப்டம்பர் 18-இல் ஆன்டனோவ் விமானம் ஒன்று அதில் இறங்கிற்று. ஆண்டுக்கணக்காய் அவ்வூரார் கேட்டுவரும் சாலை மெல்ல மெல்ல மலையேறிக்கொண்டிருக்கிறது. அது முழுமையாகும் வரையில், விஜயநகரிற் காய்ச்சல் கண்ட குழந்தையின் தாய் முதலில் நோக்குவது மேகம் விலகிற்றா என்று வானத்தைத்தான்.